குளமும் கானகமும் கடலும்

இலங்கைத் தீவைக் காண வருவோருக்கு மூன்று காட்சிகளை எடுத்துரைப்பது வழக்கம். ஒன்று, பாழடைந்து கிடக்கும் பழம்பெரு நகரங்கள். மற்றொன்று, யானையும் மானும் உலாவும் காடுகள். மூன்றாவது, வெண்மணல் பரந்த கடற்கரை. பிரயாணிகளும் தங்கள் நாட்களை அவ்வாறே பங்கிட்டுக் கொள்கின்றனர். இரண்டு நாள் மன்னர்களுக்கு, ஒருநாள் விலங்குகளுக்கு, எஞ்சிய நாட்கள் கடல் நீராடலுக்கு என்பது அவர்தம் கணக்கு. மூன்றும் மூன்று வேறு உலகங்கள் என்பது அக்கணக்கின் உட்பொருள்.

ஆனால், மாத்தளைப் பக்கத்து மலைகளில் இறங்கி, வறண்ட சமவெளியைக் கடந்து, திருகோணமலைக் கடலைச் சேரும் நீரின் வழியே செல்பவர்களுக்கு வேறொரு உண்மை புலப்படும். அந்நீரைத் தேக்கியவர்களே நகரங்களை எழுப்பினர். தேக்கிய நீர் கைவிடப்பட்ட காலத்தில் அதனருகே காடு வளர்ந்தது. அக்காட்டில் விலங்கு பெருகிற்று. எஞ்சிய நீர் கழிமுகத்தையும் கரையோர வயலையும் வளம்படுத்திக் கடலிற் கலந்தது. ஆகவே பழம் நகரும் கானகமும் கடற்கரையும் ஒரே வரலாற்றின் மூன்று அதிகாரங்களேயாம். சீகிரியில் தொடங்கி மின்னேரி, பொலன்னறுவை, கந்தளாய், தம்பலகாமம் வழியாகத் திருகோணமலையில் முடியும் பாதையில் இவ்வரலாற்றை முழுமையாகக் காணலாம்.

சமவெளியின் நடுவே ஏறத்தாழ 180 மீற்றர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது சீகிரிக் குன்று. கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் அதன் உச்சியில் மாளிகையும் அடியில் நீர்ப் பூங்காவும் அமைத்தான். அவன் தன் தந்தை தாதுசேனனைச் சிறைப்பிடித்து மாய்த்து அரசுரிமையைக் கைப்பற்றியவன். தந்தை மறைத்து வைத்த செல்வம் எங்கே என மகன் நெருக்கிக் கேட்டபோது, தாதுசேனன் தான் கட்டிய கலாவாவிக்குச் சென்று நீராடி, அந்த நீரையே தன் செல்வமாகக் காட்டினான் என்று வம்சக் கதை கூறும். அக்கதை நிகழ்ந்தவாறே நிகழ்ந்ததோ அன்றோ, அதனை எழுதிவைத்த நாட்டின் மனத்தை அது காட்டுகிறது. பொன்னன்று, தேக்கிய நீரே ஓர் அரசனின் களஞ்சியம் என்று அந்நாடு கருதிற்று.

கலாவாவியிலிருந்து அநுராதபுரத்துக்குச் செல்லும் பழங்கால்வாய் ஏறத்தாழ 87 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் முதற் பகுதியிலே கிலோமீற்றர் ஒன்றுக்குச் சுமார் 10 சென்ரிமீற்றர் சரிவே உண்டு. இக்காலக் கருவிகள் எவையுமின்றி இத்துணை நுண்மையான மட்டம் பார்த்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் வெட்டிய வாய்க்கால் மட்டும் இன்றும் நீர் சுமக்கிறது.

சீகிரியைக் காண்பதற்கென்றே மக்கள் பிரயாணஞ் செய்வது புதிய வழக்கமன்று. காசியப்பனின் காலத்துக்குப் பின் பல நூற்றாண்டுகளாக அங்கு வந்து போனவர்கள், குன்றின் நடுவேயுள்ள பளிங்குபோன்ற சுவரிலே தங்கள் எண்ணங்களைச் செய்யுளாகக் கீறி வைத்தனர். ஓவியத்து மகளிரை வியந்தவர், பிரிவை நினைந்தவர், ஏறிவந்த களைப்பைச் சொன்னவர் எனப் பலதிறத்தார் அவர்கள். பிக்குகளும் அதிகாரிகளும் பெண்களும் அவர்களுள் அடங்குவர். பேராசிரியர் செனரத் பரணவிதான அவற்றுள் 685 செய்யுட்களை வாசித்து 1956இல் நூலாக வெளியிட்டார். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இந்நாட்டார் பழைய அரண்மனையொன்றைப் பார்க்க வழிநடந்தனர் என்பதற்கு அச்சுவரே சான்று.

சீகிரியின் அடிவாரத்தில் மழைக்காலத்தில் இன்றும் நீரூற்றுகள் மேலெழுகின்றன. உயரத்தில் தேங்கிய நீர் நிலத்தடிக் குழாய்வழி இறங்கி, கல்லிற் குடைந்த துளைகளால் தானே பீறிடுமாறு அமைத்த வேலை அது. கேளிக்கைக்காகச் செய்த இச்சிறு வேலையின் பின்னே, உணவுக்காகச் செய்த பெருவேலையொன்றின் நெடுநாட் பயிற்சி உண்டு. அப்பயிற்சி ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய இந்நாட்டின் மழையை அறிதல் வேண்டும்.

இலங்கையின் வடக்கும் கிழக்கும் வரண்ட வலயம் எனப்படும். வாடைக் காற்று வீசும் ஐப்பசி முதல் தை வரையான மாதங்களிலே அங்கு மழை கொட்டும். பின்னர் வைகாசி தொட்டுப் புரட்டாதி வரை கச்சான் காற்று நிலத்தைக் காய வைக்கும். ஆறுகள் மணல்வழியாகும். மாரி நீரைத் தேக்கி வைத்தாலன்றிச் சிறுபோகம் இல்லை. மாரி பிழைத்த ஆண்டில் பெரும்போகமும் இல்லை. எனவே மலைநாட்டில் ஊற்றெடுத்து ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறுகளை மறித்து, அந்நீரை வறண்ட நிலத்துக்குத் திருப்புவது மன்னர்களின் முதற் கடமையாயிற்று. மகாவலி கங்கையின் கிளையாகிய அம்பன் கங்கை அவ்வாறு மறிக்கப்பட்டவற்றுள் தலையாயது. அதிலிருந்து எலஹரக் கால்வாயை வெட்டுவித்தவன் கி.பி. முதலாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசேறிய வசபன் என மகாவம்சம் கூறுகிறது.

அக்கால்வாயின் நீரைப் பேரளவில் தேக்கியவன் மகாசேனன். கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட இம்மன்னன் பதினாறு குளங்களைக் கட்டினான் என்பது மகாவம்சத்தின் கணக்கு. அவற்றுள் தலைசிறந்தது மின்னேரிக் குளம். ஏறத்தாழ 2 கிலோமீற்றர் நீளமும் 13 மீற்றர் உயரமுமுடைய அணைக்கட்டு அதனைத் தாங்குகிறது. குளம் நிரம்பிய காலத்தில் நீர்ப்பரப்பு நாலாயிரத்து ஐந்நூறு ஏக்கரைத் தாண்டும். இத்துணைப் பெரிய நீர்த்திரளைத் தேக்குவது ஒரு வித்தை. கட்டு உடையாதவாறு அதனை வெளியே விடுவது அதனினும் அரிய வித்தை. அதன்பொருட்டு இந்நாட்டுச் சிற்பிகள் அணையின் உட்புறத்தில் கிணறுபோன்ற சதுரக் கற்கட்டு ஒன்றை அமைத்தனர். பாய்ந்துவரும் நீரின் வேகமும் அமுக்கமும் அக்கிணற்றினுள் அடங்க, துருசின் வழியே வயலுக்குச் செல்லும் நீர் பணிந்து ஓடிற்று. ஆங்கிலேயர் காலத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளராக இந்நாட்டிற் பணிபுரிந்த ஹென்றி பாக்கர் இவ்வமைப்பை வியந்து போற்றினார்.

மகாசேனன் இறந்த பின்னர் அவனை மின்னேரித் தெய்வமென்று குடிமக்கள் வழிபட்டனர். மதவழக்கொன்றிலே அவன் அநுராதபுரத்து மகாவிகாரைப் பிக்குகளைப் பகைத்தவன். அவர்கள் மரபில் எழுந்த மகாவம்சம் அவனுடைய பிழைகளையும் எழுதிற்று. கிழக்குக் கரையிலிருந்த தேவாலயங்களை அழித்து விகாரைகளை எழுப்பினான் என்னும் செய்தியும் அதிலுண்டு. ஆயினும், வயலுக்கு நீர் தந்தவன் என்ற ஒரு புகழே குடியானவர் நெஞ்சில் நிலைத்தது.

இன்று மின்னேரிக்குச் செல்லும் பிரயாணிகளிற் பெரும்பாலோர் மகாசேனனைக் காணச் செல்வதில்லை. யானைகளைக் காணவே செல்கின்றனர். ஆடி முதல் புரட்டாதி வரை, சுற்றிலுமுள்ள காடுகளில் நீர்க்குட்டைகள் வற்றும் காலத்தில், யானைகள் சிறிது சிறிதாக இக்குளத்தை நாடி வருகின்றன. மாலை வேளையில் இருநூறு, முந்நூறு யானைகள் ஒரே கரையில் கூடி நிற்பதுண்டு. ஆசிய யானைகள் இவ்வளவு பெருந்தொகையாகக் காட்டு நிலையில் கூடுவது உலகில் வேறெங்கும் காண்பதற்கரிது. தாய் யானைகள் நடுவே கன்றுகளை நிறுத்தி நடக்கும். தனித்துத் திரிந்த களிறுகள் கூட்டத்தை அணுகும். ஒரு கூட்டம் பிறிதொன்றைத் துதிக்கை நீட்டி விசாரிக்கும்.

இப்பெருங்கூட்டத்துக்குக் காரணம் நீர் மட்டுமன்று, புல்லுமாகும். குளத்துநீர் வயலுக்கு இறங்க இறங்க, நீர் விட்டகன்ற ஈரநிலத்தில் இளம்புல் தளிர்க்கிறது. காடெங்கும் காய்ந்து கிடக்கும் வேளையில் பசும்புல் கிடைப்பது இங்கேதான். இதில் நினைந்து பார்க்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. இயற்கையின் அற்புதம் என்று பிரயாணிகள் படமெடுக்கும் இக்காட்சி, மனிதர் கையால் கட்டிய குளமொன்றின் பயன். குளம் இல்லையேல் நீரில்லை. உழவர் நீரை வயலுக்கு இறக்காவிடின் புல்லில்லை. மகாசேனனின் கட்டும் உழவனின் மண்வெட்டியும் சேர்ந்தே யானைக்குப் பந்தி விரிக்கின்றன.

அவ்வாறாயின் இக்காடு எப்போது தோன்றிற்று? அதற்கு விடை பொலன்னறுவையிற் கிடைக்கும்.

மின்னேரிக்குத் தென்கிழக்கே அமைந்த இந்நகரை நாட்டின் தலைநகராக்கியவர்கள் சோழர்கள். கி.பி. 1017இல் ஐந்தாம் மகிந்தனைச் சிறைகொண்ட பின்னர், இராசேந்திர சோழனின் ஆட்சி இங்கிருந்து நடந்தது. சனநாதமங்கலம் என அவர்கள் இந்நகருக்குப் பெயரிட்டனர். அக்காலத்துச் சிவாலயமொன்று சோழ அரசியின் பெயரால் வானவன்மாதேவி ஈசுவரம் என வழங்கிற்று. கருங்கல்லாலான சிறிய தளியாயினும் அது விமானம் குலையாமல் இன்றும் நிற்கிறது. 1070இல் சோழரை வென்று நாட்டை மீட்ட முதலாம் விசயபாகுவும் இந்நகரையே தன் தலைநகராகக் கொண்டான். அவன் காலத்தையொட்டி எழுந்த தந்ததாதுக் கோவிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றுக்கொண்டனர். அதனைக் கூறும் கல்வெட்டு தமிழில் உள்ளது. போர் புரிந்த இரு திறத்தாரும் ஒரே நகரில் வாழவும் ஒருவர் கோவிலை மற்றவர் காக்கவும் கற்றுக்கொண்ட காலமும் இந்நாட்டில் இருந்தது என்பதை அக்கல் மறவாமல் சொல்கிறது.

1153 முதல் 1186 வரை ஆண்ட பராக்கிரமபாகு இந்நகரைப் பேரழகுடையதாக்கினான். மழைநீர் பயன்படாது கடலிற் சேரலாகாது என்பது அவன் கொள்கை. முன்னிருந்த சிறு குளங்களை இணைத்து அவன் அமைத்த பெருங்குளத்தைக் கடல் என்றே அழைத்தனர். ஏறத்தாழ 14 கிலோமீற்றர் நீளமான கட்டினை உடைய பராக்கிரம சமுத்திரம் அம்பன் கங்கையின் நீரையே உண்டு நிரம்புகிறது. நகரின் வடக்கே ஒரே பாறையில் செதுக்கிய நான்கு புத்தர் சிலைகள் உள. கல்விகாரை எனப்படும் அவ்விடத்தில் பள்ளிகொண்ட சிலை ஏறத்தாழ 14 மீற்றர் நீளமானது. தலையணையிலே தலை அமிழ்ந்த இடத்தில் மெல்லிய பள்ளம் விழுமாறு கல்லைச் செதுக்கிய கையை எண்ணி வியவாதார் இல்லை.

பராக்கிரமபாகு மறைந்து முப்பது ஆண்டுகளுக்குள் நகரின் நல்லூழ் முடிந்தது. 1215இல் கலிங்கத்து மாகன் பெரும்படையுடன் வந்து நாட்டைக் கைப்பற்றினான். பின்வந்த மன்னர்கள் தம்பதெனியா முதலாக மேலும் மேலும் தென்மேற்கே இடம் மாறினர். இவ்வீழ்ச்சிக்குப் படையெடுப்பு ஒன்றே காரணமெனச் சொல்வது எளிது. வரலாற்றறிஞர் பலர் அதனோடு அமைவதில்லை. குளம் தானே வாழ்வதன்று. ஆண்டுதோறும் கட்டிலே முளைத்த மரக்கன்றைப் பிடுங்குபவர், வண்டல் வாருபவர், வாய்க்காலுக்கு முறைவைப்பவர், உடைந்த துருசைத் திருத்துபவர் எனப் பல கைகள் இருந்தாலே அது வாழும். அக்கைகளை ஒழுங்குபடுத்திய ஆட்சி குலைந்தபோது, பேரரண் போன்ற கட்டும் நரிதோண்டிய சிறு வளையால் உடைந்தது. வயல் தரிசாயிற்று. தேங்கிக் கிடந்த குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. மலேரியாக் காய்ச்சல் எஞ்சிய ஊர்களையும் வெறுமையாக்கியது.

அங்கே பாலையும் வீரையும் முதிரையும் வளர்ந்தன. மன்னர் ஆண்ட நிலத்தைக் கானகம் ஆண்டது. பிரயாணிகள் ஆதிகாலம் தொட்டு மனிதர் தீண்டாத காடென எண்ணும் இவ்வனத்தின் பெரும்பகுதி, வயலின்மேல் வளர்ந்த காடேயாகும். மரநிழலிற் கிடக்கும் தூணும், வேரிடையே தோன்றும் வாய்க்காற் கரையும் அதற்குச் சாட்சி. ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் இந்நிலம் யானைகளுடையதாக இருந்தது.

வெள்ளையர் வருகை இரண்டையும் வெளிக்கொணர்ந்தது. இரண்டுக்கும் ஊறும் விளைத்தது. 1820இல் பேகன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி பொலன்னறுவை அழிபாடுகளைக் கண்டு எழுதினார். அதே நூற்றாண்டில் யானை வேட்டை வெள்ளை அதிகாரிகளின் விளையாட்டாயிற்று. தோமஸ் றொஜர்ஸ் என்னும் அதிகாரி ஒருவர் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றார். அவர் 1845இல் இடிவிழுந்து இறந்தார். மலைநாட்டுக் காடுகள் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் இடங்கொடுத்து அழிந்தபோது, யானைக்குக் கீழ்நாட்டுக் குளக்காடுகளே புகலிடமாயின. தொல்பொருளாராய்ச்சித் திணைக்களம் 1890இல் எச். சி. பி. பெல்லின் தலைமையிலே தொழிற்படத் தொடங்கிற்று. காட்டை வெட்டி நகரை வெளிப்படுத்துவது அத்திணைக்களத்தின் தொழில். காட்டு விலங்கைக் காக்கும் சட்டம் 1937இலேதான் முழு உருப்பெற்றது. மின்னேரி 1938இல் சரணாலயமாயிற்று. 1997இல் தேசிய வனமாக உயர்த்தப்பட்டது.

இதற்கிடையே குளங்களும் உயிர்பெற்றன. மின்னேரிக் குளம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருத்தப்பட்டது. 1930களில் டி. எஸ். சேனநாயக்கா விவசாய அமைச்சராக இருந்த காலத்தில் அங்கு குடியேற்றம் தொடங்கிற்று. 1934, 1935 ஆண்டுகளிற் பரவிய மலேரியா நாட்டையே உலுக்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மருந்து தெளித்து நுளம்பை ஒழிக்கும் முயற்சியாலே வரண்ட வலயம் மீண்டும் வாழத்தக்க நிலமாயிற்று. 2016இல் இலங்கை மலேரியா நீங்கிய நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மனிதன் தன் பழைய வயலுக்குத் திரும்பினான். அவ்வயலிலே இப்போது யானை நின்றது.

மின்னேரியிலிருந்து புறப்பட்ட பழங்கால்வாய் வடக்கே கௌடுல்லவைத் தொட்டுக் கந்தளாயை அடைகிறது. கந்தளாய்க் குளத்தைக் கட்டியவன் ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி என வம்சக் கதை கூறும். குளக்கோட்டன் என்னும் மன்னன் திருக்கோணேசுவரத்துக்குத் திருப்பணி செய்து, அக்கோவிலின் நித்திய பூசைக்கு நெல் விளையவேண்டிக் கந்தளாய்க் குளத்தைக் கட்டி வயல்களை மானியமாக விட்டான் எனத் தமிழ் மரபு கூறும். கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் அம்மரபை விரிக்கிறது. கட்டியவர் யார் என்பதில் இரு மரபுகளும் வேறுபடலாம். குளமின்றிக் கோவிலில்லை என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

குளம் காப்பவரை இழந்தால் என்னாகும் என்பதைக் கந்தளாய் இக்காலத்திலும் உணர்த்திற்று. 1986 ஏப்பிரலில் ஓரிரவு அதன் கட்டு உடைந்தது. உறங்கிக் கிடந்த ஊர்களை வெள்ளம் வாரிச் சென்றது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பொலன்னறுவைக் காலத்தில் நிகழ்ந்திருக்கக்கூடிய அழிவைப் புத்தகத்திற் படித்தவர்கள், அதனைக் கண்ணெதிரே கண்ட ஆண்டு அது. கட்டு மீளக் கட்டப்பட்டு, குளம் மறுபடியும் நிறைந்தது. வீதியோரத்தில் அதன் நீர்ப்பரப்பை அழகென்று பார்த்துச் செல்லும் பிரயாணி, அதன் கீழே உயிர்கள் இருப்பதையும் நினைக்க வேண்டும்.

கந்தளாயின் நீர் தம்பலகாமத்து வயல்களிற் பாய்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் நெல். நெல்லின் நடுவே ஆதிகோணேசுவரர் ஆலயம். கடற்கரைக் கோவில் அழிந்தபோது காப்பாற்றிய திருவுருவங்களை வைத்து வழிபட எழுந்த கோவில் இதுவென்று அவ்வூர் மரபு சொல்லும். வயலைக் கடந்த நீர் தம்பலகாமக் குடாவில் இறங்கித் திருகோணமலைத் துறையின் உப்புநீரோடு கலக்கிறது. மகாவலியின் பிரதான நீர் சற்றுத் தெற்கே கொட்டியாரக் குடாவில் விழுகிறது. 1660இல் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் கண்டியரசனின் ஆட்களிடம் அகப்பட்டது அக்குடாவின் கரையில்தான். ஏறத்தாழ இருபதாண்டுச் சிறைவாழ்வின் பின் தப்பியோடி, 1681இல் அவர் வெளியிட்ட நூல் இத்தீவை ஐரோப்பியருக்கு அறிமுகம் செய்தது.

திருகோணமலையில் கடலுக்குள் நீண்ட சுவாமிமலையின் நுனியில் கோணேசர் கோவில் கொண்டுள்ளார். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பதிகம் பாடிப் போற்றினார். 1624இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா அக்கோவிலை இடித்தான். கோவிற் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினான். பாண்டியரின் இணைக்கயல் பொறித்த கல்லொன்று இன்றும் கோட்டை வாயிலில் உண்டு. போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தரும் அவர்களிடமிருந்து ஆங்கிலேயரும் அக்கோட்டையைக் கைப்பற்றினர். ஆங்கிலேயர் அதற்குத் தம் இளவரசர் பிரெடரிக்கின் பெயரைச் சூட்டினர். பாறைமேல் வெறுமையான இடத்தையே மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக அடியார் வணங்கி வந்தனர். 1950இல் கிணறு வெட்டியபோது பழைய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் கடலில் மூழ்கி, பாறையடியிற் கிடந்த கோவிற் தூண்களைக் கண்டனர். புதுக் கோவிலின் குடமுழுக்கு 1963இல் நிறைவேறிற்று.

இக்கோட்டைக்குள் ஒரு காட்சி பிரயாணிகளை மகிழ்விக்கும். புள்ளிமான் கூட்டம் அங்கு அச்சமின்றி உலாவுகிறது. அடியார் தரும் பழத்தை உண்டு, பீரங்கி மேட்டின் நிழலிற் படுத்து அசைபோடும். பாடல்பெற்ற தலமும், அந்நியர் கோட்டையும், காட்டு விலங்கும், கடலும் ஒரே குன்றில் கூடியிருப்பதைக் காண்பவர்க்கு இவ்வழி முழுவதின் பொருளும் அங்கே திரண்டு நிற்பதாகத் தோன்றும்.

நகருக்கு வடக்கே உப்புவெளியும் நிலாவெளியும் நீண்ட மணற்கரைகள். கச்சான் காற்றுக் காலத்தில் இக்கடல் குளம்போல் அடங்கியிருக்கும். மின்னேரியில் யானை கூடுவதும் நிலாவெளியில் அலை அடங்குவதும் ஒரே பருவத்தில் நிகழ்வது தற்செயலன்று. தென்மேற்கிலிருந்து வரும் காற்று மலைநாட்டில் தன் மழையைக் கொட்டிவிட்டு, இப்பக்கம் வறட்சியாக இறங்குகிறது. அக்காற்றே குளத்தை வற்றச் செய்கிறது. இக்கரைக் கடலையும் உறங்கச் செய்கிறது. வாடைக் காற்று வந்ததும் குளம் நிறையும், கடல் கொந்தளிக்கும், யானை கலையும், பிரயாணியும் விடைபெறுவார்.

நிலாவெளிக்கு எதிரே ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் புறாமலைத் தீவு உண்டு. மாடப்புறாக்கள் கூடுகட்டி வாழும் இடமாதலின் அப்பெயர் பெற்றது. 1963இல் சரணாலயமாகி 2003இல் தேசிய வனமான இத்தீவைச் சுற்றிப் பவளப் பாறைகள் படர்ந்துள்ளன. வண்ண மீன்களும் ஆமைகளும் அங்கு வாழ்கின்றன. மரக்கிளைபோல் படரும் பவளம் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றரே வளர்வது. பத்தாண்டு வளர்ச்சியை ஒரு பிரயாணியின் காலடி ஒரு நொடியில் நொறுக்கும். ஆழ்கடற் பள்ளத்தாக்கொன்று துறைமுகத்தின் வாயில்வரை நெருங்கி வருவதனால், உலகின் மிகப்பெரிய உயிராகிய நீலத் திமிங்கிலமும் இக்கரைக்கு அணித்தாக உலாவுகிறது.

இக்கரை அமைதியாக இருந்த நாட்கள் குறைவு. 1942 ஏப்பிரலில் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. 1983இன் பின் கால்நூற்றாண்டுக்கு மேல் நீடித்த போர் மக்களைத் துரத்திற்று. 2004 திசெம்பர் 26இல் கடல் எழுந்து கரையோர ஊர்களை விழுங்கியது. 2009இல் போர் முடிந்த பின்னரே பிரயாணிகள் பெருந்தொகையாக மீண்டனர். அவர்கள் நடக்கும் மணலில் பிறர் வீடுகள் இருந்தன என்பதையும் இவ்வரலாற்றிலிருந்து நீக்கிவிட முடியாது.

நீர்வழியின் முடிவில் நிற்பவர் முன் ஒரு கேள்வி எழுகிறது. இந்நீர் யாருக்கு? 2018இல் அம்பன் கங்கையை மறித்து மொறகஹகந்த நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. உழவருக்கு அது பெருநன்மை. கோடையிலும் மின்னேரிக்கு நீர் வருகிறது. ஆனால் கோடையில் குளம் நிறைந்திருந்தால் கரையிலே புல் முளைக்க இடமில்லை. புல்லில்லையேல் யானை கூடுவதில்லை. பசித்த யானை ஊருக்குள் நெல்லைத் தேடும். 2019ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் நானூற்றுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் இப்பூசலில் இறந்தனர். 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே புகையிரதத்தில் மோதுண்டு யானைகள் பல மாண்டன. வயலைக் காக்கும் உழவனும் கன்றைக் காக்கும் யானையும் ஒருவரையொருவர் பகைவரெனக் கருதும் நிலை உருவாகியுள்ளது.

இதற்கு வழி இல்லாமலில்லை. மழையும் வயலும் அறிந்து துருசைத் திறந்து மூடிய முன்னோரின் வித்தைக்கு, யானையின் புல்லையும் கணக்கிற் சேர்ப்பது இயலாததொன்றன்று. எந்த மாதத்தில் எவ்வளவு நீரைக் குளத்தில் நிறுத்துவது என்பதை நீர்ப்பாசனம், வனசீவராசிகள் ஆகிய திணைக்களங்களும் உழவர் சங்கங்களும் ஒன்றாக அமர்ந்து தீர்மானிக்கலாம். யானை நடக்கும் பழைய வழிகளில் கட்டடம் எழாமல் காக்கலாம். கூட்டத்தை நெருக்கி நிற்கும் ஜீப் வண்டிகளின் தொகையைக் கட்டுப்படுத்தலாம். பிரயாணியும் தன் பங்குக்கு, யானையின் வழியை விட்டு விலகி நிற்கவும் பவளத்தின்மேல் கால் வைக்காதிருக்கவும் கூடும்.

பொலன்னறுவை ஒரு நாளில் காடாகவில்லை. குளத்தைப் பார்க்கும் கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தபோது அது காடாயிற்று. அதேபோல், மின்னேரிக் கரையும் புறாமலைப் பவளமும் ஒரு நாளில் அழிந்துவிடா. பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் அதனைப் பிறர் கடமை என விடும்போதே அழியும். தாதுசேனன் தன் செல்வமெனக் காட்டிய நீர் இன்னும் வற்றவில்லை. அதைக் கணக்கறிந்து பகிர்வதிலேயே நகரின் நினைவும், கானகத்தின் உயிரும், கடலின் அழகும் தங்கியிருக்கின்றன.